இடுப்பு மூட்டு மாற்றின அம்மா வீட்டுக்கு வாறா: மூன்றாம் மாடி, சின்னக் குளியலறை. என்ன ஆயத்தம் செய்யவேணும்?

கேள்வி: வெள்ளவத்தை_மகள்

வணக்கம். அம்மாவுக்கு 68 வயது. இடது இடுப்பு மூட்டு முழுதாக மாற்றியிருக்கு. பின்பக்கத்தால் திறந்து செய்ததென்று சேர்ஜன் சொன்னார். வோர்டில் வோக்கர் பிடித்து நடக்கிறா. இரண்டு மூன்று நாளில் துண்டு வெட்டி வீட்டுக்கு விடுவார்கள் போல.

வீடு வெள்ளவத்தையில், மூன்றாம் மாடி. லிப்ட் இருக்கு, கரண்ட் போனால் அது நின்றுவிடும். குளியலறை சின்னது. கொமோட் இருக்கு, பக்கத்துச் சுவரில் கை ஸ்ப்ரே. குளிப்பது வாளியில் தண்ணீர் அள்ளித்தான். அம்மாவுக்குச் சீனி வருத்தமும் இருக்கு, மெட்போர்மின் போடுறா.

"90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, காலை உள்ளுக்குத் திருப்பக் கூடாது" என்று தாள் ஒன்று தந்திருக்கிறார்கள். வீட்டில் எந்த வேலையில் இது பிழைக்கும் என்றுதான் விளங்கவில்லை. இதற்கிடையில் மாமி ஆட்கள் இறால், தக்காளி, கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி, காயம் ஆறாது என்கிறார்கள். காலுக்கு எண்ணெய் பூசி உருவச் சொல்லியும் ஒரே கரைச்சல். தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

---

பதில் 1: கொட்டாஞ்சேனை_பிசியோ

அளவு நாடா ஒன்றை எடுங்கோ. அம்மா வர முதலே செய்யவேண்டிய வேலை அதுதான்.

அம்மா வீட்டில் போடப்போற செருப்போட நிக்கேக்க, நிலத்திலயிருந்து முழங்காலின்ர பின்மடிப்பு வரை எவ்வளவு என்று பாருங்கோ. எங்கட ஊர்ப் பெண்கள் கனபேருக்கு அது 40 செ.மீ. அளவில வரும். அவ இருக்கிற எல்லா இருக்கையும் அதைவிடக் குறைஞ்சது 5 செ.மீ. உயரமா இருக்கவேணும், அதாவது 45 அல்லது அதுக்கு மேல. ஆள் இருந்து அமுங்கின பிறகு வாற உயரம்தான் கணக்கு. 43 செ.மீ. சோபா ஆள் இருந்தவுடன 33க்குப் போயிடும். அதில முழங்கால் இடுப்பைவிட மேல வரும், 90 அங்கேயே தாண்டியாச்சு. சோபாவை மறந்திடுங்கோ. பிளாஸ்டிக் கதிரையும் வேண்டாம். கைபிடியில ஊன்றி எழும்பேக்க அதின்ர கால் அகண்டு, டைல்ஸில வழுக்கும். பழைய மரக் கைக்கதிரை இருந்தா அதுதான் நல்லது. உயரம் காணாட்டி இறுக்கமான பஞ்சு மெத்தை ஒன்றை வெட்டிப் போடலாம், அல்லது தச்சரிட்டச் சொல்லிக் காலுக்குக் குழி வைச்ச மரக்கட்டை செய்விக்கலாம். குழி இல்லாத கட்டையில கதிரை விலகி விழும்.

கொமோட் பொதுவா 38 முதல் 40 செ.மீ. வரைதான். அதுக்கு மேல பூட்டுற 10 செ.மீ. உயர இருக்கை கிடைக்கும். நான் எண்டா அதைவிட, கால் உயரம் கூட்டிக் குறைக்கிற கொமோட் கதிரையை வாங்கச் சொல்லுவன். வாளியைக் கழற்றிப்போட்டு கொமோட்டுக்கு மேலாலயே வைக்கலாம், ரெண்டு பக்கமும் கைபிடி இருக்கும், ராவில வாளியோட கட்டிலடியிலயும் வைக்கலாம். தேசிய வைத்தியசாலையைச் சுற்றியுள்ள மருத்துவ உபகரணக் கடைகளில விசாரியுங்கோ. வாடகைக்குத் தாற இடங்களும் இருக்கு. ரெண்டு மூண்டு மாதத் தேவைதானே.

இனி, ஏன் இந்தக் கட்டுப்பாடு? பின்பக்கத்தால திறக்கேக்க மூட்டின்ர பின்னால இருக்கிற உறையையும், காலை வெளிப்பக்கம் திருப்புற சின்னத் தசைகளையும் வெட்டித்தான் உள்ள போறது. பிறகு தைச்சு விடுவினம். அந்தத் தையல் இறுகி ஆற 6 கிழமையிலயிருந்து 12 கிழமை பிடிக்கும். அதுவரைக்கும் மடக்கி, உள்ளுக்குக் கொண்டுபோய், உள்ளுக்குத் திருப்பினா புது உருண்டை பின்னால தள்ளி, கிண்ணத்தைவிட்டு வெளியில வந்திடும். மூண்டும் ஒன்றாச் சேருற இடம்தான் மெத்த ஆபத்து. முன்பக்கத்தால செய்தவைக்கு விதி வேற. அதனால பக்கத்து வீட்டுக்காரற்ற தாளைப் பார்த்து நடக்க வேண்டாம். உங்கட சேர்ஜன் தளர்த்தினா தளர்த்தலாம்.

இருக்கை உயரம் சரியா இருந்தாலும் ஆள் முன்னுக்குக் குனிஞ்சா கணக்கு ஒன்றுதான். விழுந்த போனை எடுக்க, காலடியில கிடக்கிற போர்வையை இழுக்க, செருப்பு வாரை மாட்ட, கால் நகம் வெட்ட, கீழ் லாச்சியைத் திறக்க: 90 தாண்டுறது இப்பிடித்தான். நீளக்கைப் பிடிகருவி ஒன்றும், நீளச் சப்பாத்துக் கரண்டியும் வாங்குங்கோ. அடிக்கடி தேவைப்படுற சாமான் எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில இருக்கட்டும். உள்ளுடுப்பு, காற்சட்டை போடேக்க ஒப்பரேஷன் கால் முதல் உள்ள போகவேணும், கழற்றேக்க கடைசியா வரவேணும்.

கதிரையில இருந்து எழும்புற முறை: விளிம்புக்கு நகர்ந்து வந்து, இடது காலை முன்னுக்கு நீட்டி, கைபிடி ரெண்டையும் அழுத்தி, வலது காலில எழும்பவேணும். நிமிர்ந்து நிண்ட பிறகுதான் கை வோக்கருக்குப் போகவேணும். வோக்கரைப் பிடிச்சு இழுத்து எழும்பினா அது கவிழும். இருக்கேக்க கதிரை பின்னங்காலில படும்வரை பின்னால போய், கையைப் பின்னால விட்டுக் கைபிடியைத் தேடி, இடது காலை நீட்டிக்கொண்டு இறங்கவேணும்.

திரும்புறதுதான் கனபேர் கவனிக்காத விசயம். இடது பாதத்தை நிலத்தில ஊன்றி வைச்சுக்கொண்டு உடம்பை இடப்பக்கம் திருப்பினா, கால் அசையாமலே அந்த மூட்டு உள்ளுக்குத் திரும்பினதாகிடும். கூப்பிட்ட குரலுக்குச் சட்டென்று திரும்பிப் பாக்கிறது இதுதான். ஆகவே அம்மாவைப் பின்னால நிண்டு கூப்பிடாதேங்கோ. இடம் இருந்தா வலப்பக்கமாத் திரும்பட்டும். எந்தப் பக்கம் எண்டாலும் பாதத்தைத் தூக்கித் தூக்கிச் சின்ன அடியா வைக்கவேணும்.

கட்டிலில படுத்திருக்கேக்க இடது கைப்பக்கம் வெளியா இருக்கட்டும், சுவர் வலப்பக்கம். அப்பதான் இறங்கேக்க இடது கால் வெளிப்பக்கமா முதல் போகும், நடுக்கோட்டைத் தாண்டாது. இறுக்கமான தும்பு மெத்தை நல்லது. மல்லாக்கப் படுத்து, காலுக்கிடையில தலகணி வைக்கவேணும். வலப்பக்கம் சரிஞ்சு படுக்கிறது சேர்ஜன் சொன்ன பிறகு, அப்பவும் முழங்காலிலயிருந்து பாதம் வரை தாங்குற தடிச்ச தலகணியோட. நுளம்பு வலையை மெத்தைக்குக் கீழ செருகிறது வேற ஆளின்ர வேலை. வலையில கால் சிக்கி விழுந்தவை இருக்கினம்.

வோக்கர் உயரம்: கையைத் தொங்கவிட்டு நிக்கேக்க கைபிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேர வரவேணும். வாங்க முதல் குளியலறைக் கதவின்ர உள்ளகலத்தை அளவுங்கோ. பழைய அடுக்குமாடிகளில அது 60 செ.மீ. ஆகவும் இருக்கும், வோக்கர் போகாது. போகாட்டி சுவரைப் பிடிச்சு நடத்தாமல், முதல் ரெண்டு கிழமைக்குக் கொமோட் கதிரையை அறையிலயே வையுங்கோ. நடை வரிசை வோக்கர், இடது கால், வலது கால். காலடி றப்பர் தேய்ஞ்சிருந்தா மாத்துங்கோ. கால்மிதி, கார்ப்பெட் எல்லாம் சுருட்டி வையுங்கோ. நைட்டி நிலத்தில இழுபட்டா ரெண்டு அங்குலம் ஏத்தித் தையுங்கோ.

---

பதில் 2: தாதி_கொழும்பு10

பிசியோ நடையைச் சொல்லிவிட்டார். மருந்து, காயம், சாப்பாடு பற்றி நான் எழுதுகிறேன்.

துண்டு வெட்டும் நாளில் டயக்னோசிஸ் கார்டை (வருத்தமும் மருந்தும் எழுதித் தரும் அட்டை) கையில் வாங்கியதும் அங்கேயே நின்று பாருங்கள். இரத்தம் உறையாமல் தரும் மருந்து எது, எந்தத் திகதி வரை என்று தெளிவாக எழுதியிருக்கிறதா? இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு இந்த மருந்து பெரும்பாலும் 5 கிழமை அளவுக்குத் தொடரும். றிவரொக்சபான் 10 மில்லிகிராம் என்றால் நாளுக்கு ஒன்று, 35 நாள். எனொக்சபரின் ஊசி என்றால் வழமையாக 40 மில்லிகிராம், நாளுக்கொருமுறை. சிலருக்கு அஸ்பிரின் எழுதுவார்கள். வீட்டில் நடக்கும் பிழை ஒன்றுதான்: கையில் தந்த குளிசை முடிந்ததும் மருந்தே முடிந்துவிட்டது என்று நினைப்பது. எத்தனை நாளுக்குத் தந்தார்கள் என்று எண்ணி, மிச்சத்தை முன்கூட்டியே அரச மருந்துக்கடையான ஒசுசலவிலோ தனியார் பாமசியிலோ எடுத்து வையுங்கள்.

ஊசி என்றால் தொப்புளைச் சுற்றி 5 செ.மீ. விட்டு, ஒரு நாள் இடம், மறுநாள் வலம். நிரப்பியே வரும் சிரிஞ்சில் உள்ள காற்றுக் குமிழியை வெளியே தள்ளக் கூடாது. தள்ளினால் மருந்தும் போகும். தோலைக் கிள்ளிப் பிடித்து நேராகக் குத்தி, எடுத்த பிறகு தேய்க்காமல் விடுங்கள், தேய்த்தால் கண்டிப்போகும். ஊசிமருந்தை 25 பாகை செல்சியஸுக்கு மேலான சூட்டில் வைக்கக் கூடாது என்று பெட்டியில் இருக்கும். குசினி அலுமாரி வேண்டாம், ஐஸ் பெட்டியில் உறையவும் விடாதீர்கள். பாவித்த ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடி வையுங்கள்.

நோவுக்குப் பரசிட்டமோல்: 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 8 குளிசைக்கு மேல் இல்லை. உடல் நிறை 50 கிலோவுக்குக் குறைவு, ஈரல் வருத்தம் என்றால் டொக்டர் அளவைக் குறைப்பார். தடிமனுக்கென்று கடையில் வாங்கும் குளிசையிலும் பரசிட்டமோல் இருக்கும், கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம். முதல் கிழமைகளில் நோ வந்த பிறகு போடாமல் நேரத்துக்குப் போடுவதும், பயிற்சிக்கு அரை மணி முதல் போடுவதும் நல்லது. ட்ரமடோல் தந்திருந்தால் தலைசுற்றும், மலம் இறுகும். முதல் குளிசை போட்ட இரவு தனியே எழும்ப விடாதீர்கள். டைக்ளோபெனாக், ஐபுபுறொபென் வகையை நீங்களாக வாங்கிக் கொடுக்கவே வேண்டாம். இரத்தம் உறையாமல் தரும் மருந்தோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியும். சீனி வருத்தக்காரருக்குச் சிறுநீரகமும் யோசிக்கவேண்டும்.

காயத்தில் போட்ட கிளிப் பெரும்பாலும் 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள். அதுவரை தண்ணீர் படாமல் துடைத்துவிடுங்கள். தண்ணீர் புகாத பிளாஸ்டர் போட்டிருந்தால் குளிக்கலாமா என்று வோர்டிலேயே கேளுங்கள். கொழும்பு வியர்வையில் பிளாஸ்டர் ஓரம் கிளம்பும். கிளம்பினதுக்கு மேல் இன்னொன்றை ஒட்டாமல் முழுதாக மாற்றவேண்டும். தொடையும் பாதமும் சில கிழமைக்கு வீங்குவது வழமை, படுத்தால் குறையும். துவாயில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வைக்கலாம். ஐந்தாறு நாளுக்குப் பிறகும் காயத்தால் நீர் வடிந்தால், சிவப்பு பரவினால், மணத்தால், அன்றே சேர்ஜனிடம் காட்டுங்கள். பக்கத்து டிஸ்பென்சரியில் அன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுத்துப் பார்ப்பது வேண்டாம். அது மேலே அடக்கி, உள்ளே மூட்டில் கிருமி இருப்பதை மறைத்துவிடும்.

காய்ச்சல் வந்தால் கொழும்பில் இன்னொரு யோசனையும் வேண்டும். காயக் கிருமியாகவும் இருக்கலாம், டெங்குவாகவும் இருக்கலாம். டெங்கு என்றால் அம்மா போடும் உறையாத மருந்தே இரத்தப்போக்கைக் கூட்டும். ஆனால் அதை நீங்களாக நிறுத்தவும் கூடாது. காய்ச்சல் கண்ட அன்றே டொக்டரிடம் போய், இரத்த எண்ணிக்கை பார்க்கச் சொல்லி, இடுப்பு ஒப்பரேஷன் நடந்த திகதியையும் மருந்தின் பெயரையும் முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்.

கிரந்தி விசயம். இறாலோ தக்காளியோ கத்தரிக்காயோ காயத்தை ஆறவிடாமல் செய்யாது. அம்மாவுக்கு முன்பே ஒவ்வாமை இருந்தால் மட்டும் விலக்குங்கள். உண்மையில் காயம் ஆறாமல் போவது புரதம் காணாமல். மீன் வேண்டாம், முட்டை வேண்டாம் என்று விலக்கி, கஞ்சியும் ரசச்சோறும் கொடுத்தால் சீனி ஏறும், தசை கரையும். 60 கிலோ நிறைக்கு நாளுக்கு 70 கிராம் அளவு புரதம் நல்லது. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவு, பருப்புக்கறி, தயிர், கடலை எல்லாம் சேரும். சிறுநீரக வருத்தம் இருந்தால் மட்டும் டொக்டரிடம் அளவு கேட்கவேண்டும். மாமியோடு வாதாட வேண்டாம், இறாலை விட்டுவிட்டு இரண்டு முட்டை கூடக் கொடுங்கள், வீட்டில் சமாதானம். மலம் இறுகாமல் பப்பாசி, கீரை, தண்ணீர். மூன்று நாள் போகாவிட்டால் லக்டுலோஸ் பாணி கேளுங்கள்.

எண்ணெய் விசயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். கெண்டைக்காலில் இரத்தம் கட்டியிருந்தால் உருவும்போது அது கழன்று நுரையீரலுக்குப் போகலாம். காயத்தில் எண்ணெய் பட்டால் ஊறி இளகும். ஒட்டு வைத்தியர் (எலும்பு முறிவு பார்க்கும் நாட்டு வைத்தியர்) காலை இழுத்துத் திருப்பினால் மூட்டே கழரும்.

1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடவேண்டியவை: திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு நோ, இரத்தத்தோடு இருமல். அதோடு, "டொக்" என்று ஏதோ கழன்றமாதிரி, கடும் நோ, கால் கட்டையாகி உள்ளுக்குத் திரும்பி, ஊன்றவே ஏலாத நிலை. அது மூட்டு கழன்றதன் அடையாளம். நேராக்கப் பார்க்காமல் கிடந்தபடியே தலகணியால் தாங்கி வையுங்கள், தண்ணீர், தேத்தண்ணி எதுவும் கொடுக்கவேண்டாம், மயக்கமருந்து தேவைப்படும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட நோவதும் அன்றே காட்டவேண்டிய விசயம்.

---

வெள்ளவத்தை_மகள்

இரண்டு பேருக்கும் மெத்தப் பெரிய உபகாரம். மூன்று கேள்வி மிச்சம். கை ஸ்ப்ரே கொமோட்டில் இருக்கும்போது இடது கைப்பக்கச் சுவரில் இருக்கு, அது பிரச்சினையா? கரண்ட் இல்லாத நேரம் படி ஏறலாமா? கிளினிக்குக்கு ஓட்டோவில் போகலாமா?

---

பதில் 3: கொட்டாஞ்சேனை_பிசியோ

பிரச்சினைதான். இடது சுவரில இருக்கிறதை எட்டி எடுக்க உடம்பு இடப்பக்கம் முறுகும், கழுவுறதும் இடது கையால, அதுவும் அதே பக்கம். பிளம்பரைக் கூப்பிட்டு 1.5 மீட்டர் குழாய் போட்டு, கொக்கியை வலப்பக்கமோ முன்பக்கமோ மாத்துங்கோ. ஒரு மணித்தியால வேலை. கழுவேக்க இடது காலை முன்னுக்கு நீட்டி, வலது புட்டத்தில கொஞ்சம் சாய்ஞ்சு, கை மட்டும் பின்னால போகவேணும், தோள் திரும்பக் கூடாது. முன்பக்கத்தால குனிஞ்சு கழுவினா 90 போயிடும். உயர்த்தின இருக்கை வாங்கேக்க கை போக இடைவெளி இருக்கோ என்று பாருங்கோ, சிலதில முழு வட்டமா அடைச்சிருக்கும். டிசு பாவிக்கிறவைக்கென்று செய்ததுகள்.

குளிக்க, வாளி நிலத்தில இருந்தா ஒவ்வொரு கோப்பைக்கும் குனிவு. வாளியை ஸ்டூலில முன்னுக்கு வைச்சு, அம்மா 45 செ.மீ. உயரமான, றப்பர்க் காலுள்ள குளியல் கதிரையில இருக்கட்டும். பைப்பில பூட்டுற கை ஷவர் இன்னும் நல்லது. முழங்காலுக்குக் கீழ வேற ஆள் தேய்க்கவேணும். துவாய்க் கம்பியைப் பிடிகம்பியா நினைச்சுப் பிடிச்சு விழுறது கனக்க நடக்குது. டைல்ஸுக்குள்ள ஆணி இறங்கின உண்மையான பிடிகம்பி ஒன்று, இருக்கிற இடத்துக்கு வலப்பக்கத்தில போடுவியுங்கோ.

படி: ஏறேக்க வலது கால் முதல், பிறகு இடது கால், பிறகு தடி. இறங்கேக்க தடி, இடது கால், வலது கால். ஒரு படியில ரெண்டு காலும் சேரவேணும். ஒரு கை கைபிடியில, மற்றக் கையில ஊன்றுகோல். வோக்கரோட மாடிப்படி வேண்டவே வேண்டாம். பிடிச்சு வாற ஆள் ஏறேக்க பின்னால, இறங்கேக்க முன்னால, எப்பவும் ஒரு படி கீழ. வோர்டில படிப்பழக்கம் தந்தவையோ என்று துண்டு வெட்ட முதல் கேளுங்கோ. தராட்டி கேட்டு வாங்குங்கோ, மூன்றாம் மாடிக்காரருக்கு அது உரிமை. ஜெனரேட்டர் லிப்டுக்கும் போகுதோ என்று கட்டடப் பொறுப்பாளரிட்ட விசாரிச்சு வையுங்கோ. ஒவ்வொரு தட்டிலயும் ஒரு உயரக் கதிரை வைச்சா ஆறி ஆறி வரலாம்.

பயிற்சி பற்றிக் கேக்கேல்ல, எண்டாலும் சுருக்கமா: பாதத்தை மேல கீழ ஆட்டுறது முழிச்சிருக்கிற ஒவ்வொரு மணிக்கும் 10 தரம். தொடையை இறுக்கி 5 விநாடி, புட்டத்தை இறுக்கி 5 விநாடி, குதிக்காலை மெத்தையில வழுக்கி முழங்காலை மடக்கிறது, காலைப் பக்கவாட்டில விரிக்கிறது எல்லாம் 10 தரம், நாளுக்கு மூண்டு வேளை. நேராக் கிடந்து காலை நீட்டியபடி உயர்த்திற பயிற்சியை யூடியூப்பில பார்த்துச் செய்யவேண்டாம், அது புது மூட்டில கன பாரம் ஏத்தும். ஒரே இருக்கையா முக்கால் மணிக்கு மேல இருக்க விடாதேங்கோ. சுகம் விசாரிக்க வாறவை கிளம்பும்வரை அம்மா மரியாதைக்கு இருந்து கொண்டிருந்தா பின்னேரம் கால் வீங்கும். முதல் மாதங்களில ஒரு கால் நீளம் போலத் தெரியும், தசை இறுக்கத்தால. அதுக்கென்று சப்பாத்துக்குள்ள குதி வைக்க அவசரப்பட வேண்டாம்.

---

பதில் 4: பம்பலப்பிட்டி_குமார்

ஓட்டோ வேண்டாம் அக்கா. உள்ளுக்க ஏறத் தலையையும் நாரியையும் குனியவேணும், முன்சீட்டுக்கும் முழங்காலுக்கும் இடமில்லை, காலை நீட்டவே ஏலாது. குழியில விழுந்து எழும்பும். உயரம் கூடின வானும் அப்பிடித்தான், படி எட்டாது. சாதாரணக் கார், முன்சீட்.

சீட்டைப் பின்னால கடைசி மட்டும் தள்ளி, சாய்வைப் பின்னால விடுங்கோ. சீட் பள்ளமா இருந்தா இறுக்கமான தலகணி ஒன்றைப் போட்டு, மேல ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரியுங்கோ, வழுக்கித் திரும்ப லேசு. நடைபாதைக் கட்டுக்கு மேல நிண்டு ஏறினா சீட் இன்னும் பதிவாகிடும், ஆகவே காரை ரோட்டுப் பக்கம் கொஞ்சம் தள்ளி நிப்பாட்டி, அம்மா ரோட்டு மட்டத்தில நிண்டு ஏறட்டும். முதுகைக் காட்டி நிண்டு, இடது காலை முன்னுக்கு நீட்டி, புட்டத்தைச் சீட்டில வைச்சு, பின்னால ட்ரைவர் பக்கம் நகர்ந்து, பிறகு ரெண்டு காலையும் சேர்த்து உடம்போட ஒரேயடியாத் திருப்பவேணும். எங்கட கார்களில முன்சீட் இடப்பக்கம் எண்டபடியா ஏறேக்க வலது கால் முதல் உள்ள போகும், இடது கால் பின்னால வரும், நல்லதாப் போச்சு. ஏறி இருந்த பிறகு பிளாஸ்டிக் பையை உருவி எடுத்திடுங்கோ, கார் ஓடேக்க சீட்டில வழுக்கும்.

காலி வீதியில பள்ளிக்கூட நேரம் மாட்டினா ஒரு மணித்தியாலம் இருப்பு. அதுக்கு முந்தி வெளிக்கிடுங்கோ. கிளினிக்கில வரிசைக் கதிரை உயரம் குறைவு, அந்தத் தலகணியையும் தூக்கிக்கொண்டு போங்கோ. எக்ஸ்ரே, டயக்னோசிஸ் கார்ட், சீனி எழுதின கொப்பி, போடுற குளிசை எல்லாத்தையும் ஒரே பையில.